அரிசியை நகர்த்தாத பருப்பு

“தினமும் சாம்பார் உண்டு, வாரத்தில் மூன்று நாள் பருப்புக் கூட்டு, மாலையில் அவ்வப்போது சுண்டல். பருப்பு சர்க்கரைக்கு நல்லது என்றார்கள். ஆனாலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 230, 240 என்று வருகிறது. காலை பதினொரு மணிக்கே பசியும் எடுத்துவிடுகிறது.” நீரிழிவு ஆலோசனைக்கு வருபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. அவர்கள் சொல்வது உண்மை. பருப்பு நல்லது என்பதும் உண்மை. ஆனால் தட்டில் எவ்வளவு பருப்பு விழுகிறது, அது முழுசாக விழுகிறதா கரைந்து விழுகிறதா, அது வந்ததால் சோறு குறைந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. இவற்றில் கடைசிக் கேள்விதான் முக்கியமானது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளை சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டாலே அது கெட்டியான சாம்பார். ஒருவர் பங்கு 25 கிராம். அதில் கிடைக்கும் புரதம் 5 கிராமைச் சற்றுத் தாண்டும். நார்ச்சத்து 2 கிராம் சொச்சம். அந்தச் சாம்பாரை ஊற்றிப் பிசையும் இரண்டு கப் சோற்றிலோ மாவுச்சத்து 80 கிராமுக்கு மேல். சாம்பார் ருசியாக அமைந்துவிட்டால் இன்னும் ஒரு கரண்டி சோறு கூடவே வந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். நார்ச்சத்து குறைந்தது 25 கிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இந்த எண்களுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி சாம்பாரை வைத்துப் பார்த்தால், அது குழம்பு என்ற வேலையை மட்டுமே செய்கிறது என்பது புரியும்.

இப்போது 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்து வேகவைத்தால் ஏறத்தாழ முக்கால் கப் வரும். புரதம் 9 கிராம், நார்ச்சத்து 12 கிராம். அதிலும் மாவுச்சத்து 20 கிராம் அளவுக்கு உண்டு. ஆனால் அந்த மாவு ரத்தத்தில் சேரும் விதம் வேறு.

பயறின் மாவுத் துகள்கள் கெட்டியான செல்சுவர்களுக்குள், தாளிட்ட சிறு அறைகளில் இருப்பதுபோல, அடைபட்டிருக்கின்றன. முழுப்பயறை வேகவைத்த பிறகும் இந்தச் சுவர்கள் பெரும்பாலும் உடைவதில்லை. அதனால் செரிமான நொதிகள் (உணவை உடைக்கும் என்சைம்கள்) மாவை எட்ட நேரம் பிடிக்கிறது. அந்த மாவிலும் அமைலோஸ் (கிளையில்லாத நீண்ட சங்கிலியாக அமைந்த மாவுப்பொருள்) அதிகம். அது எளிதில் உடையாது. ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமலே பெருங்குடலுக்குப் போய்விடும். இதோடு கரையும் நார்ச்சத்து (தண்ணீருடன் சேர்ந்து கூழாகும் நார்) வயிற்றில் இருக்கும் உணவைக் கெட்டிப்படுத்தி, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது. இவை எல்லாம் சேர்ந்துதான் சர்க்கரை சட்டென்று ஏறாமல் தடுக்கின்றன. நார் மட்டுமே காரணம் என்று நினைத்து நார்ப்பொடி டப்பா வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிளைசிமிக் இண்டெக்ஸ் (ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் குளுக்கோஸோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) என்ற அளவுகோலை டொரன்டோவைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் முன்வைத்தார்கள். 55-உம் அதற்குக் கீழும் குறைவு, 70-உம் அதற்கு மேலும் அதிகம். சென்னையில் அளந்தபோது பொன்னி அரிசி 70, சோனா மசூரி 72 என்று வந்தன. வேகவைத்த கொண்டைக்கடலை 30-ஐ ஒட்டி நிற்கிறது. 1982-இல் இதே குழு இன்னொன்றையும் கவனித்தது. காலையில் மைசூர்ப் பருப்பு வகையைச் சாப்பிட்டவர்களுக்கு, மதிய உணவுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையும் குறைந்திருந்தது. இதை ‘இரண்டாம் உணவு விளைவு’ என்கிறோம். மெதுவான செரிமானமும், பெருங்குடல் பாக்டீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே பயறைச் சேர்க்க ஒரே ஒரு வேளைதான் வாய்க்கிறது என்றால், காலை வேளையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

பசி அடங்கும் விதத்தையும் பார்ப்போம். புரதமும் மெதுவாகச் செரிக்கும் மாவும் குடலின் வெவ்வேறு பகுதிகளை எட்டும்போது, அங்குள்ள செல்கள் சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இவை இரைப்பையை நிதானப்படுத்தி, ‘போதும்’ என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. எடை குறைப்புக்குப் பெயர் பெற்றுவிட்ட செமாக்ளூடைட் ஊசி இதே ஜிஎல்பி-1 ஹார்மோனின் வேலையைத்தான் செய்கிறது என்பதால், ‘சுண்டல்தான் இயற்கை ஊசி’ என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். மருந்தோ ஒரு வாரம் நீடிக்கும்படி மாற்றியமைக்கப்பட்டது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

ஆய்வுகளும் நிதானமாகத்தான் பேசுகின்றன. 2012-இல் வெளிவந்த ஜென்கின்ஸ் குழுவின் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 121 பேரில் ஒரு பிரிவினர் மூன்று மாதங்களுக்குத் தினமும் ஒரு கப் பயறு சாப்பிட்டார்கள். மற்றவர்கள் முழுக்கோதுமை உணவுகளைக் கூட்டினார்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) பயறுப் பிரிவில் 0.5 புள்ளியும் கோதுமைப் பிரிவில் 0.3 புள்ளியும் குறைந்தது. பயனுள்ளதுதான், ஆனால் அதிசயம் இல்லை. எடை விஷயத்தில் இன்னும் அடக்கம். 21 ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், சுமார் ஆறு வாரங்களில் குறைந்த எடை 0.34 கிலோ. 2014-இல் வந்த மற்றொரு தொகுப்பு சொல்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: பயறு சாப்பிட்டவர்கள் வயிறு நிறைந்த உணர்வு 31 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள், ஆனால் அடுத்த வேளையில் அவர்கள் சாப்பிட்ட அளவு குறிப்பிடும்படி குறையவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்பதற்காகக் கை நின்றுவிடுவதில்லை. எதிரில் சோறு இருந்தால், பரிமாற அம்மாவோ மனைவியோ இருந்தால், சாப்பிட்டுவிடுகிறோம்.

எனவே பயறைக் கூட்டுவதற்கு முன் சோற்றை அளந்து குறைக்க வேண்டும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் சோற்றின் ஒரு பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மைசூர்ப் பருப்பு வகையை வைத்தபோது, ரத்தச் சர்க்கரை 20 சதவீதம் வரை குறைந்தது. எடுத்த இடத்தில் வைத்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். முழு அளவு சோற்றுக்கு மேல் ஒரு கிண்ணம் சுண்டல் என்றால் மாவுச்சத்தும் கலோரியும் கூடத்தான் செய்யும்.

அடுத்தது உருவம். அதே கடலைப்பருப்பு, மாவாக அரைபட்டால் அதன் செல்சுவர்கள் உடைந்துபோகின்றன. கடலைமாவு பஜ்ஜி, ரிப்பன் பக்கோடா, மெதுவடை எல்லாவற்றிலும் பருப்பு உண்டு. அதற்கும் மேலாக எண்ணெய் உண்டு. மாலையில் கடற்கரைக்குப் போனால் பஜ்ஜிக் கடையைத் தாண்டி, தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல்காரரிடம் போங்கள். இட்லியில் உளுந்து இருக்கிறதே என்பார்கள். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அதுவும் நைசாக அரைத்துப் புளிக்கவைத்து ஆவியில் வெந்தது. அது பெரும்பாலும் அரிசி உணவுதான். வெண்பொங்கலும் அப்படியே. சத்துமாவுக் கஞ்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பதினைந்து தானியம், பயறு என்று பட்டியல் நீளமாக இருக்கலாம். வறுத்து, மாவாக்கி, கொதிக்கவைத்துக் குடிக்கும்போது அது மென்று தின்னும் பயறைவிட வேகமாகச் செரிக்கும். வளரும் குழந்தைக்குக் கொடுங்கள். நீரிழிவு உள்ளவரின் காலை உணவாக நம்பி விடாதீர்கள்.

உங்கள் பசி எந்த வகை என்று பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். எட்டு மணிக்கு நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்கு வயிறு கிள்ளுகிறது, ஒரு பிஸ்கட் கிடைத்தால் தேவலை என்றிருக்கிறது, வேறு தொந்தரவு இல்லை. இது புரதமும் நாரும் போதாத உணவின் பசி, பயறு உதவும். மலச்சிக்கலும், வெறும் வயிற்றில் சர்க்கரை ஓரளவு சரியாக இருந்து சாப்பிட்ட பின் மட்டும் எகிறுவதும் இதோடு சேர்ந்து வருவதுண்டு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருளுதல் ஆகியவற்றோடு திடீரென வரும் பசி வேறு. அது தாழ்சர்க்கரையாக (ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவது) இருக்கலாம். அப்போது சுண்டலைத் தேடக் கூடாது. மெதுவாகச் செரிப்பதே அந்த நேரத்தில் அதன் குறை. 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழ் இருந்தால் திரும்பவும் குடியுங்கள். மூன்றாவது வகை, எவ்வளவு சாப்பிட்டும் அடங்காத பசி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைதல். இது சர்க்கரை மிக அதிகமாகிவிட்டதன் அடையாளம். தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரைப் பாருங்கள்.

சரி, தட்டை எப்படி மாற்றுவது? புதிதாக எதையும் வாங்க வேண்டாம். மளிகைக் கடையில் இருப்பதே போதும். தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, காய்ந்த பட்டாணி. தோலோடு, முழுசாக. காலையில் இட்லியை இரண்டாகக் குறைத்து, அரை கப் பச்சைப்பயறுச் சுண்டலை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். அல்லது அடை. அரிசியைவிடப் பருப்பு ஒரு பங்கு கூடுதலாகப் போட்டு, கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரை சேர்த்து வார்த்த அடை இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். அடை மாவை நைசாக ஓட்டித் தோசைபோல் மெல்லிசாக வார்ப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. ருசியும் குறைவு, பயனும் குறைவு.

மதியம் சோறு ஒரு கப், அதுவும் கப்பில் அளந்து. கண் அளவு எல்லோரையும் ஏமாற்றும். முக்கால் கப் வெந்த பயறு, ஒன்றரைக் கப் காய் அல்லது கீரை. மொச்சை போட்ட காரக்குழம்பு, கத்தரிக்காய் தட்டைப்பயறு புளிக்குழம்பு, கொண்டைக்கடலைக் குழம்பு என்று நம் சமையலில் முழுப்பயறுக் குழம்புகளுக்குப் பஞ்சமில்லை. குழம்பில் பயறு மிதக்காமல் நிறைந்திருக்கும்படி போடுங்கள். பீன்ஸ் பருப்பு உசிலி நல்ல தேர்வு, எண்ணெயை மட்டும் பார்த்து ஊற்றுங்கள். காயையும் பயறையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் எடுத்துக்கொண்டால், அதே உணவிலேயே சர்க்கரை ஏறும் உச்சம் குறைகிறது. கல்யாணப் பந்தியில்கூட இதைச் செய்யலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள். சோற்றை முழுவதும் விலக்கத் தேவையில்லை. பயறில் குறைவாக இருக்கும் மெத்தியோனின், அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் ஆகிய அமினோ அமிலங்கள் (புரதத்தின் அடிப்படை அலகுகள்) இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன.

வேகவைக்கும் பதம்: விரலில் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் குக்கரில் குழைந்து கூழாகக் கூடாது. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளில் (நம் குடலால் உடைக்க முடியாத, பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும் சர்க்கரைகள்) ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். சீக்கிரம் வேக வேண்டுமென்று ஆப்பசோடா போடாதீர்கள்; தயமின் என்ற பி1 வைட்டமின் அழிகிறது, சோடியமும் கூடுகிறது. இஞ்சியும் பெருங்காயமும் தாளிப்புக்கு அழகுதான், அரைவேக்காட்டுப் பயறை அவை காப்பாற்றாது. ராஜ்மாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை: சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் (ஒரு வகை நச்சுப் புரதம்) கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொடுக்கும். நன்றாக ஊறவைத்து, தளதளவென்று கொதிக்கும் நீரில் முழுதாக வேக வேண்டும்.

வாயுத் தொல்லைக்குப் பயந்து பலர் ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். நேற்றுவரை ஒரு கரண்டி சாம்பாரோடு இருந்த குடலில் இன்று ஒரு கப் கொண்டைக்கடலை விழுந்தால் அது முறையிடத்தான் செய்யும். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி, அடுத்த வாரம் கால் கப், பிறகு அரை கப் என்று ஏற்றுங்கள். பச்சைப்பயறிலிருந்து தொடங்குவது பலருக்கு எளிது. தண்ணீரையும் கூட்டுங்கள். சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடுகிறது. முளைகட்டினால் வாயு குறையும். ஆனால் முளைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்த சூழல். 2011-இல் ஜெர்மனியில் பரவிய ஈ. கோலை தொற்றுக்கு வெந்தய முளைகளே காரணமாக இருந்தன. கர்ப்பிணிகள், முதியோர், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் முளைப்பயறை ஆவியில் வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

குறுக்குவழிகளில் முதலிடம் வெந்தயத் தண்ணீருக்கு. வெந்தயமும் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; அதன் கரையும் நார் சர்க்கரையைக் குறைப்பதையும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்த ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளுக்கு 25 கிராமும் அதற்கு மேலும். அதுவும் விதையின் பொடி, உணவோடு. இங்கே ஒரு தேக்கரண்டியை ஊறவைத்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, வெந்தயத்தைத் தூக்கி எறிகிறார்கள். நார் இருப்பது எறிந்த விதையில். கொள்ளு வேகவைத்த தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்து இளைக்க நினைப்பதும் இதே கதை. ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொன்னவர்கள் கொள்ளைத்தான் சொன்னார்கள், அதன் தண்ணீரை அல்ல. 25 கிராம் வெந்தயப்பொடியைத் தானே தொடங்குவதும் சரியில்லை. கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு அது தாழ்சர்க்கரையை வரவழைக்கலாம்.

மருந்து எடுப்பவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். உணவுக்கு முன் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போடுபவர், சோற்றைப் பாதியாக்கிப் பயறைக் கூட்டினால், சர்க்கரை ஏறுவதற்கு முன்பே இன்சுலின் உச்சத்தை எட்டிவிடக்கூடும். அளவையும் நேரத்தையும் மருத்துவரோடு பேசி மாற்றுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் ஆகியவை மாவு உடைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரைகள்; பயறோடு சேரும்போது வயிறு உப்புசம் அதிகமாகும். இவற்றை எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் சாதாரண சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் புரதம், பொட்டாசியம் இரண்டின் அளவையும் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியிருப்பதால், கிரியாட்டினின் கூடியிருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நேரே கொண்டைக்கடலை ஊறவைக்க வேண்டாம்.

மற்றவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாள் வழக்கமான மதியச் சாப்பாடு. சாப்பிடத் தொடங்கியதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். இன்னொரு நாள் அதே நேரம், அதே மருந்து, அதே நடை. சோறு பாதி, பயறு முக்கால் கப். இரண்டையும் குறித்து வையுங்கள். ஒரு முறை பார்த்து முடிவுக்கு வரக் கூடாது, குறைந்தது மூன்று ஜோடி அளவுகள் வேண்டும். நீரிழிவு உள்ள பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மணி நேர அளவு 180-க்குக் கீழ் இருப்பது இலக்கு. எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துத்தான் பதில் சொல்லும். அதற்குள் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். குறித்த தாளை அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், எதைக் குறைக்கலாம் என்று அவர் பார்த்துச் சொல்வார்.